மருந்தின் மேல் பழி இல்லை

பொடியா திரவமா என்பதில்
எங்கள் முதல் சண்டை.
பொடி மலிவு, தபாலில் ஒழுகாது என்றான் தௌமந்தாஸ்.
எட்டு மணி நேரம் டிராலிபஸ் திருப்பிய கை இது,
பொடி கரையும்வரை நீ வந்து கலக்குவாயா என்றேன்.
திரவம் வந்தது.

இரண்டாவது சண்டை பெரியது.
பிளீச்சும் ஃபிக்ஸரும் ஒரே புட்டியில் விற்கிறார்கள்,
ஒரு வேலை மிச்சம் என்றான்.
வெளுக்கச் சொல்வதும் நிலைக்கச் சொல்வதும்
ஒரே வாயா?
கலந்தது சீக்கிரம் சாகும்,
பொங்கி டாங்க் மூடியைத் தள்ளும் என்றேன்.
தனித்தனியாகத்தான் வாங்கினேன்.
பதினொரு யூரோ கூடுதல், என் காசு.
இரண்டு நாள் அவன் பேசவில்லை.

பிப்ரவரி. கௌனாஸில் பனியும் இல்லை, வெயிலும் இல்லை,
சேறு.
கீழ்வீட்டு ரமுனே
இறைச்சி வேகவைக்கும் சூட்டுக்கோலை இரவல் தந்தாள்.
நன்றாகக் கழுவிக் கொடு,
ஞாயிறு பன்றித்தொடை இருக்கிறது என்றாள்.

வாளித் தண்ணீரில் புட்டிகள் கழுத்தளவு நின்றன.
முப்பத்தெட்டு டிகிரி.
மனுஷனுக்கு என்றால் ஜுரம்,
வேலைக்கு விடுப்பு கேட்கலாம்.
டெவலப்பருக்கு அதுதான் ஆரோக்கியம்.

முதல் தண்ணீர் பாசிப்பச்சையாக வெளியே போனது.
பயப்படாதே என்று நானே எனக்குச் சொன்னேன்,
அது சாயம்.

பிறகு டெவலப்பர்.
மூன்று நிமிடம் பதினைந்து விநாடி:
ரயில் நிலையத்திலிருந்து மூன்றாவது நிறுத்தம்,
கதவு மூடுவது உட்பட.
கடிகாரமே வேண்டாம் எனக்கு.
வைத்துக்கொண்டேன்.
அரை நிமிடத்துக்கு நாலு கவிழ்ப்பு,
குமிழி ஒட்டாமல் இருக்க
தொட்டி விளிம்பில் ஒரு தட்டு.
பிளீச்சில் ஊறுகாய்ப் புளிப்பு வாசனை,
ஜன்னலைத் திறந்தால் சூடு போய்விடும்,
திறக்கவில்லை, இருமினேன்.
ஃபிக்ஸர். தண்ணீர். தண்ணீர். தண்ணீர்.
கடைசியாக ஸ்டெபிலைசர்.

சுருளைப் பிரித்தேன்.
ஆரஞ்சு.
தலைமுதல் கால்வரை ஆரஞ்சு.
முப்பத்தாறு படமும்
ஒரே படம்.

இப்போது அவன் சொல்வான்: திரவம்.
இப்போது அவன் சொல்வான்: தனித்தனி.
பதினொரு யூரோவைச் சொல்வான்.
கையுறையோடு தொட்டி விளிம்பில் உட்கார்ந்தேன்.

அப்புறம்தான் ஓரத்தைப் பார்த்தேன்.
தொழிற்சாலை ஒளியால் எழுதி அனுப்பிய எண்கள்,
ஒன்று, இரண்டு, மூன்று,
கருகருவென்று, கூர்மையாக
எழுந்து நின்றன.
சூடு சரி. நேரம் சரி.
மருந்தின் மேல் பழி இல்லை.

நீதாவின் மணல்மேட்டில், காற்றுக்கு முதுகு காட்டி,
சுருளின் நாக்கை
கேமராவின் பல்லில் மாட்டியது நான்.
மாட்டிவிட்டதாக நினைத்ததும் நான்.
நாலு நாள் நெம்புகோலை இழுத்திருக்கிறேன்,
உள்ளே ஒன்றும் நகரவில்லை.
அவனும் நாலு நாள்
சிரி என்றதும் சிரித்திருக்கிறான்.

போன் செய்தேன். வந்தான்.
பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.
சொட்டும் சுருளைக் குழல்விளக்குக்கு நேரே பிடித்து
வெகுநேரம் ஓரத்தையே படித்தான்.

ஏழு. ஏழில் நீ படகுத்துறையில்
புகைபோட்ட மீனைத் தின்கிறாய்.
அது எட்டு.
ஏழுதான், எட்டில் பூனை.
பூனை வந்தது மறுநாள், தௌமந்தாஸ்.
பதினாலில் நான் கண்ணை மூடிவிட்டேன்.
தெரியும், அதனால்தான் பதினைந்து எடுத்தேன்.

தரை முழுக்கச் சேறு, ஸ்டெபிலைசர்.
ரமுனேயின் கோல் இன்னும் வாளியில் முனகுகிறது.

டெவலப்பரைப் புட்டியில் திருப்பி ஊற்றி
லேபிளில் ஒரு கோடு போட்டேன்.
எட்டுக் கோட்டுக்குத் தாங்கும்.
வெறும் சுருளுக்கும் கோடா என்றான்,
ஒளியே படவில்லை,
இதில் மருந்து எங்கே செலவாயிற்று?

காற்று பட்டுவிட்டதே என்றேன்.
திரவம் வாய்விளிம்புக்கு ஏறும்வரை
புட்டியின் விலாவை அமுக்கிப் பிடித்தேன்.
மூடியை அவன் திருகினான்.